கீழிமைக்கு மேலிமையிடம் கடனா, கன்னத்திடம் கடனா?

கீழிமையிலிருந்து புற்றுக்கட்டியை அகற்றியபின், வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று பரிசோதனை சொன்னால்தான் இமையைக் கட்டும் பேச்சே எழும். போனது கால் பங்கு நீளம் என்றால் இரு முனைகளையும் இழுத்துத் தைத்துவிடலாம். முதியவர்களின் தளர்ந்த இமை இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். பாதி வரை போனால், வெளிமூலையிலிருந்து அரைவட்டமாகத் தோலைத் திருப்பிக் கொண்டுவரும் டென்சல் முறை கைகொடுக்கும். பாதியைத் தாண்டினால்தான் உண்மையான போட்டி: மேலிமையிடம் கடன் வாங்கும் ஹியூஸ் முறையா, கன்னத்திடம் வாங்கும் முஸ்டார்டே முறையா?

இமை இரண்டு அடுக்கு. வெளியே தோலும் தசையும். உள்ளே டார்சஸ் என்ற விறைப்பான தகடும் கண்ணை உரசும் ஈரப்படலமும். இரண்டில் ஒன்றாவது தன் இரத்த ஓட்டத்தோடு வந்தாக வேண்டும். இரண்டுமே வெட்டி ஒட்டிய துண்டுகளானால் பிழைக்காது.

கண் மருத்துவர் வெண்டல் ஹியூஸ் 1937-இல் சொன்ன வழி, மேலிமையின் உட்பக்கத்திலிருந்து தகட்டின் ஒரு பகுதியைப் படலத்தோடு இறக்கிக் கீழே தைப்பது. மேலிமைத் தகட்டின் உயரமே சுமார் 10 மில்லிமீட்டர்தான். விளிம்பையொட்டி 4 மில்லிமீட்டரை இன்று தொடுவதில்லை. தொட்டால் மேலிமை கோணிக்கொள்ளும். முன்பக்கத்தில் பெரும்பாலும் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த தோல். இமைக்கு இமையே ஈடாவதால் பொருத்தம் நன்றாக அமையும்.

ஆனால், இறக்கிய படலம் விழியின் குறுக்கே பாலமாக நிற்கும். அந்தக் கண்ணுக்குக் கிடைப்பது மங்கிய வெளிச்சம் மட்டுமே. முன்பெல்லாம் ஆறு வாரம்கூட இப்படி விடுவார்கள். இப்போது பலர் இரண்டு மூன்று வாரத்திலேயே பாலத்தை வெட்டிவிடுகிறார்கள். அதுவரை ஒற்றைக் கண்தான். டம்ளரில் ஊற்றும் காபி விளிம்புக்கு வெளியே போகும், படியின் ஆழம் பிடிபடாது. சின்னத் தொல்லை என்று மருத்துவர் சொல்லலாம். வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு அது சின்னதல்ல.

ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் ஜாக் முஸ்டார்டே கன்னத்தையே திருப்பினார். கண்ணின் வெளிமூலையிலிருந்து நெற்றிப்பொட்டுப் பக்கம் ஏறி, காதின் முன்னே இறங்கும் நீண்ட வெட்டு. அந்தத் தோல் முழுதும் சுழன்று வந்து இமையாகும். உள்பக்கத்துக்கு மூக்கின் நடுச்சுவரிலிருந்து சவ்வோடு கூடிய குருத்தெலும்பு. ஒரே அறுவையில் முடியும், கண்ணும் திறந்தே இருக்கும். கனத்த கன்னம் கீழே இழுத்து இமை வெளிப்புறம் பிதுங்குவதுதான் பெரிய தலைவலி. சுழற்றிய தோலை, அதாவது மடலை, எலும்பை மூடியிருக்கும் உறையில் உறுதியாகக் கட்டாவிட்டால் அது அநேகமாக நடக்கும். புகைபிடிப்பவர்களுக்கு மடலின் நுனி கருகும் அபாயமும் கூடுதல்.

என் கணிப்பில், மறுகண் நன்றாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு ஹியூஸ்தான். ஓட்டையின் அளவுக்கு முன்னால் மறுகண்ணைத்தான் கேட்க வேண்டும். பார்வை வளரும் வயதுக் குழந்தையின் கண்ணை வாரக்கணக்கில் மூடினால் அது பார்வை சரியாக வளராத சோம்பேறிக் கண்ணாகலாம். அங்கே ஹியூஸ் வேண்டாம். கட்டி எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருந்தாலும் தயங்க வேண்டும். அது படலத்தின் வழியே மேலிமைக்கும் பரவியிருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் தீராமல் அங்கே கடன் வாங்கக் கூடாது.

இரண்டிலும் இமைமயிர் திரும்ப வராது.

ஒற்றைக் கண்ணோடு வாழ்பவர், கன்னத்தை அறுக்கும் அளவுக்கு உடம்பும் தாங்காது என்றால்? பார்வையில்லாத கண்ணின் மேலிமையிலிருந்து ஒரு சிறு தகடு எடுத்து, பக்கத்துத் தோல்-தசை மடலால் அதை மூடலாம். பார்க்கும் கண் ஒரு நாளும் மூடியிருக்க வேண்டியதில்லை.