நூலகத்தின் சொந்த சர்வரா, வாடகை உலகமா?

பதின்வயதினரை ஒன்றுசேர்க்க அமெரிக்கப் பொது நூலகங்கள் ஆன்லைன் கேம்களை நாடுவது புதிதல்ல. 2006-லேயே சார்லட் மெக்லன்பர்க் நூலகம், இல்லினாய் நூலகக் கூட்டமைப்பு ஒன்றுடன் சேர்ந்து டீன் செகண்ட் லைஃப் என்ற, பதின்வயதினருக்கான ஆன்லைன் மெய்நிகர் உலகில் ஒரு தீவு நடத்தியது. சில ஆண்டுகளில் அதை நடத்திய லிண்டன் லேப் நிறுவனம் அந்தப் பதின்வயதுப் பகுதியையே மூடிவிட்டது. அதனால் நூலகம் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால், எந்த கேம் என்று பார்ப்பதற்கு முன், அதன் சாவி யார் கையில் என்று பார்ப்பேன்.

இன்று பெரும்பாலும் பேச்சு, கல்கல்லாக அடுக்கி வீடும் ஊரும் கட்டும் மைன்கிராஃப்டைப் பற்றித்தான். கணினிக்கான அதன் ஜாவா பதிப்பில், எல்லோரும் சேர்ந்து ஆடும் உலகத்தை நாமே நடத்துவதற்கான சர்வர் மென்பொருள் இலவசம். சுமாரான கணினியே போதும். பிள்ளை தன் கேம் பெயரைச் சொன்னால் நூலகர் அதை அனுமதிப் பட்டியலில் சேர்ப்பார். வெளியாள் நுழைய முடியாது. யாராவது ஒருவன் இன்னொருத்தியின் வீட்டை உடைத்துவிட்டான் (உடைப்பான், சந்தேகமே வேண்டாம்) என்றால், கோர்புரொடெக்ட் என்ற பிளகின் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்) எந்தக் கல்லை யார், எப்போது எடுத்தார் என்று காட்டும். அவன் செய்ததை மட்டும் பழையபடி ஆக்கிவிடலாம்.

ரெல்ம்ஸ் என்பது மைன்கிராஃப்டே தரும் மாத வாடகை உலகம். சில நிமிடங்களில் தயார். ஆனால் உரிமையாளரைத் தவிர ஒரே நேரத்தில் 10 பேர்தான் ஆடலாம், பிளகின் போட முடியாது. வீடு உடைந்தால் முழு உலகையும் பழைய பேக்கப்புக்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு மற்றவர்கள் கட்டியதெல்லாம் போச்சு.

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கும் அமாங் அஸ் கேம் ஊரடங்குக் காலத்தில் பிரபலமானது. 15 பேர் வரை ஆடலாம், போனில் இலவசம், கூச்சம் தெளிய நல்லது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் எதுவும் மிஞ்சாது. அடுத்த வாரம் வர ஒரு காரணமும் இல்லை. ரோப்லாக்ஸும் இலவசம்தான், ஆனால் யார் யாரோ செய்த எண்ணற்ற கேம்கள் குவிந்த சந்தைக்கடை அது. பிள்ளை அடுத்த கேமுக்குத் தாவினால் நூலகர் என்ன செய்வார்?

சரி, மைன்கிராஃப்டுக்கு ஆளுக்கொரு கட்டணக் கணக்கு வேண்டுமே? அது முடியாத குடும்பங்கள் அதிகம் உள்ள பகுதியில் அதே பாணியிலான லுவாண்டியைப் பரிந்துரைப்பேன். மைன்டெஸ்ட் என்ற பழைய பெயரில் சிலருக்குத் தெரிந்திருக்கும். முழுக்க இலவசம், பழைய கணினியிலும் ஓடும். “இது மைன்கிராஃப்ட் இல்லையே” என்று முகம் சுளிப்பார்கள்தான்.

என் ஓட்டு சொந்த சர்வருக்கு. ஒரு நிபந்தனை: அப்டேட், பேக்கப், சண்டைப் பஞ்சாயத்து மூன்றையும் பார்க்க வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கப்பட்ட ஊழியர் இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத கிளை நூலகம் ரெல்ம்ஸுக்கே போகலாம்.