டி-ரேம் இல்லாத எஸ்எஸ்டி: 64 எம்பி போதுமா?

மடிக்கணினிக்கு ஒரு டெராபைட் எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) தேடியபோது கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின: வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்850எக்ஸ். இரண்டும் 2022இல் வந்தவை. முன்னதில் டி-ரேம் சிப், அதாவது வேகமான தற்காலிக நினைவகம், கிடையாது. கணினியின் ரேமில் ஒரு சிறு பகுதியை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. பின்னது தன் பலகையிலேயே டி-ரேம் வைத்திருக்கிறது. நான் எடுத்தது எஸ்என்770. மறுபடி வாங்க நேர்ந்தாலும் இந்த மடிக்கணினிக்கு அதையேதான் எடுப்பேன்.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தொடர் வாசிப்பில் முன்னது நொடிக்கு 5,150 எம்பி வரை, பின்னது 7,300 எம்பி வரை. பெரிய வீடியோக் கோப்புகளை நாள் முழுதும் இடம் மாற்றுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். உலாவி, அலுவல் மென்பொருள், புகைப்படத் திருத்தம் என்றிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சிப் குறைவதால் விலையும் குறைகிறது.

உண்மையில் யோசிக்க வேண்டியது, அந்த டி-ரேம் எதற்கு இருக்கிறது என்பதை. நம் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதன்மை வேலை வேறு. ஃபிளாஷ் சிப்பில் எழுதியதன் மேலேயே திரும்ப எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், அழிப்பதும் பெரிய தொகுதிகளாகத்தான் முடியும். அதனால் டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் புதிய இடம் பார்த்து எழுதுகிறது. எந்தத் தரவு இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு முகவரி அட்டவணை தேவைப்படுகிறது. 4 கேபி தரவுக்கு 4 பைட் பதிவு என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட்டுக்கு அட்டவணை மட்டுமே ஒரு ஜிபி ஆகிவிடும். டெராபைட்டுக்கு ஒரு ஜிபி டி-ரேம் என்ற வழக்கமான விகிதம் இப்படித்தான் வந்தது.

டி-ரேமை எடுத்துவிட்டால் அட்டவணையின் பெரும்பகுதி ஃபிளாஷிலேயே கிடக்கும். முகவரியைப் பார்க்க ஒரு வாசிப்பு, தரவை எடுக்க இன்னொரு வாசிப்பு என்று வேலை இரட்டிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் வந்த மலிவான எஸ்எஸ்டிகள் திணறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதிய வகை எஸ்எஸ்டிகள் கணினியோடு பேசும் முறையை வகுக்கும் என்விஎம்இ விதிமுறையின் 2014இல் வந்த 1.2 பதிப்பு இதற்கு ஒரு வழி திறந்தது: டிரைவ் கேட்டால் கணினி தன் ரேமில் கொஞ்சம் ஒதுக்கித் தரலாம். ஹோஸ்ட் மெமரி பஃபர் என்பது இதுதான். 2017 வாக்கில் விண்டோஸ் 10, லினக்ஸ் இரண்டும் இதை ஏற்றுக்கொண்டன.

ஒதுக்கப்படுவது பெரும்பாலும் 64 எம்பி அளவுதான். ஒரு ஜிபி எங்கே, 64 எம்பி எங்கே என்று தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 64 எம்பி அட்டவணையில் 64 ஜிபி தரவின் முகவரிகள் அடங்கும். டெராபைட் முழுக்க நிரம்பியிருந்தாலும் ஒரு நாளில் நாம் மாறி மாறித் தொடும் பகுதி சிறியது. இயங்குதளம், உலாவி, திறந்திருக்கும் நான்கைந்து மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்தும் 64 ஜிபியைத் தாண்டுவது அரிது. டிரைவைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ தடம் வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வரும் நேரமோ, ஃபிளாஷ் வாசிப்பு எடுக்கும் பல பத்து மைக்ரோ நொடிகளுக்கு முன்னால் மிகச் சிறியது. என்னை எஸ்என்770 பக்கம் சாய்த்தது இந்தக் கணக்கே.

டி-ரேம் இல்லாதது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயமும் உண்டு. ஆனால் ஒரு டெராபைட் மாடலில் இரண்டுக்கும் ஒரே உத்தரவாதம்: ஐந்து ஆண்டு அல்லது மொத்தம் 600 டெராபைட் தரவு எழுதும் வரை. திடீரென மின்சாரம் போனால் ரேமில் இருந்த அட்டவணைப் பிரதி அழியும். அசல் ஃபிளாஷில் இருக்கிறது. கொடுத்த ரேமைக் கணினி எந்நேரமும் திரும்பப் பெறலாம், அப்போதும் தரவு கெடக்கூடாது என்றே விதிமுறை சொல்கிறது.

இயங்குதளத்தை நம்பியிருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2024இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, எஸ்என்770-இன் 2 டெராபைட் மாடல் கணினியின் ரேமில் 200 எம்பி வரை எடுத்துக்கொள்ள, பல கணினிகளில் நீலத்திரை விழுந்தது. டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்த பிறகே சரியானது. இவ்வகை டிரைவ் வாங்குபவர்கள் ஃபர்ம்வேரை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரைவ் முழுவதும் பரவிக் கிடக்கும் பெரிய தரவுத்தளம், ஒரே நேரத்தில் ஓடும் பல மெய்நிகர் கணினிகள் என்றால் என் கணக்கு தளரும். அப்படிப்பட்ட வேலையில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே எஸ்என்850எக்ஸ் பக்கம் சாய்வதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். டிரைவைப் பின்னாளில் சாதாரண யூஎஸ்பி உறையில் போட்டு வெளி டிரைவாக்கும் எண்ணம் இருந்தாலும் கவனம் தேவை, அங்கே கணினியின் ரேம் அதற்குக் கிடைக்காது. பிளேஸ்டேஷன் 5-உம் இந்த வசதியைத் தருவதில்லை. அதற்கென்று வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்து டி-ரேம் உள்ளதையே எடுக்கலாம்.