வெளிநாட்டு விருந்தாளி வீட்டுக்கு வருகிறாரா? பாஸ்போர்ட்டை எந்த புரோக்கர் கையிலும் கொடுக்காதீர்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யார் வீட்டுக்காவது வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து தங்கப் போகிறார்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. அதைவிட, என்னை நம்பி வந்த ஒரு பெண்மணி பன்னிரண்டு நாள் கையில் பாஸ்போர்ட் இல்லாமல் என் வீட்டு மாடியில் தவித்தார். பணத்தைக்கூட மறந்துவிடுவேன், அது மறக்காது.

வந்தவர் ஜெர்மனியில் என் மகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியவர். பல வருடங்களாகக் குளிர்காலத்தில் கோவாவுக்கு வருகிறார். தெற்கு கோவாவில் பாலோலெம் கடற்கரையில் மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய குடில்தான் அவர் வழக்கமாகத் தங்கும் இடம். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குடில்களைப் பிரித்து எடுத்துவிட்டு, மழை முடிந்ததும் திரும்பக் கட்டுவார்களாம். இந்த முறை போகும் வழியில் மகள் பிறந்த ஊரையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 2025 ஜனவரி 8ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினாறு நாள் இருந்துவிட்டு 24ஆம் தேதி கோவாவுக்கு ஃப்ளைட்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளிநாட்டுக்காரர்கள் நம் பக்கம் வருவதே அபூர்வம். பெசன்ட் நகர், ஈசிஆர், மாமல்லபுரம் என்று தெற்கே போய்விடுவார்கள். இவரை விடியற்காலை காசிமேட்டுக்கு அழைத்துப் போனேன். ஏலம் விடும் இடத்தில் வஞ்சிரத்தையும் கடம்பாவையும் கூடை கூடையாகப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைக் காட்டினேன். கடலைக் காட்டியபோது மட்டும், "மணல் எங்கே?" என்று கேட்டார். துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே வர வேண்டிய மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது, இங்கே கடல் உள்ளே வந்து வீடுகளைத் தின்றது, அதனால்தான் கரை நெடுகக் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். கல்லின் மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தெருப் பிள்ளைகள் இரண்டே நாளில் 'ஜெர்மன் ஆயா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வந்த மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா ஒரு பயத்தைப் போட்டார். "ஃபாரின்காரங்கள வச்சுக்கினா ஸ்டேஷன்ல சொல்லணும், இல்லன்னா உள்ள போட்டுடுவாங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை. வெளிநாட்டுக் குடிமகன் யார் வந்து தங்கினாலும், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தைத்தான் அப்போது ஃபார்ம் சி என்றார்கள். லாட்ஜுக்கு மட்டும் இல்லை, நம்மைப் போல வீட்டில் தங்க வைப்பவர்களுக்கும் இது உண்டு. அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1946ஆம் வருட வெளிநாட்டினர் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 'உள்ளே போட்டுவிடுவார்கள்' என்ற ஒரு வார்த்தை மட்டும் வயிற்றைக் கலக்கியது.

எங்கள் பக்கத்தில் ஒரு புரோக்கர் இருக்கிறார். வாடகை வீடு, பட்டா, ஆதார் திருத்தம், எல்லாம் பார்ப்பவர். ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம்தான் போனேன்.

"யக்கா, ஒண்ணும் கவலப்படாத. ஸ்டேஷன்ல எல்லாம் நம்ம ஆளுங்கதான். பாஸ்போர்ட்ட குடுத்துட்டுப் போ, நாளைக்கி சாயந்தரம் வந்து வாங்கிக்க" என்றார்.

ஜெராக்ஸ் போதாதா என்று கேட்டேன். "ஒரிஜினல் பாத்துதான் ரெஜிஸ்டர் பண்ணுவாங்க" என்றார். கவர்ன்மென்ட் ஃபீஸ் 3,000, அவருடைய சர்வீஸ் 1,500. கொடுத்தேன், ரொக்கமாக. வீட்டுக்கு வந்து அந்தப் பெண்மணியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது அவர் தயங்கினார். "எங்கள் ஊரில் பாஸ்போர்ட் எனக்குச் சொந்தமில்லை, ஜெர்மன் அரசின் சொத்து. யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது" என்றார். நான்தான் வற்புறுத்தினேன். நம்ம தெரு ஆள், எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

மறுநாள் சாயந்தரம் போனால், ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். அதற்கு மறுநாள் சனிக்கிழமை. அப்புறம் போகி, பொங்கல், தொடர்ந்து லீவு. நடுவில் ஸ்டேஷன் செலவு என்று 6,000 கேட்டார். அதில் 3,500ஐ மட்டும் ஜிபேயில் போட்டேன், மீதி கையில். பிறகு யோசித்தால், என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த 3,500 தான்.

பொங்கலன்று மாடியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி மெதுவாகக் கேட்டார், "இன்று கிடைக்குமா?" என்று. கோவாவில் எப்படி என்று நான் கேட்டேன். போய் இறங்கிய உடனே குடில்காரர் பாஸ்போர்ட்டையும் விசாவையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, கொடுத்த டீ ஆறுவதற்குள் விவரத்தை ஏற்றிவிட்டு, பாஸ்போர்ட்டை அப்போதே கையில் கொடுத்துவிடுவாராம். இத்தனை வருடத்தில் ஒரு ரூபாய்கூட இதற்காகக் கேட்டதில்லையாம். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நம்ம ஊரில் நடைமுறை வேறாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

20ஆம் தேதி திங்கட்கிழமை புரோக்கர் ஒரு தாளைக் கொடுத்தார். மேலே 'ஃபார்ம் சி', கீழே ஊதா நிறத்தில் ஒரு வட்ட சீல். சீலில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. பாஸ்போர்ட் எங்கே என்றால், "லேட் ஆயிடுச்சுக்கா, பெனால்ட்டி எட்டாயிரம் கட்டுனாதான் ரிலீஸ் பண்ணுவாங்க" என்றார். ஃப்ளைட்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் ஏர்போர்ட்டுக்குள்ளேயே போக முடியாது, போனாலும் கோவாவில் தங்க இடம் கிடைக்காது. அது புரோக்கருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டாயிரம் கொடுத்தேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட் எண் இருந்த இடத்தில் விரலை வைத்தார். நடுவில் ஆங்கில 'ஓ' என்ற எழுத்து இருந்தது. "எங்கள் பாஸ்போர்ட் எண்ணில் இந்த எழுத்தே வராது. குழப்பம் வரக்கூடாது என்று அதை விட்டுவிட்டுத்தான் எண் கொடுப்பார்கள். வட்டமாக இருந்தால் அது சுழியம்தான்" என்றார். கம்ப்யூட்டரில் முறையாகப் பதிந்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்குமா? யாரோ பார்த்துப் பார்த்து டைப் அடித்து, சீல் குத்தியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி என் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறான். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அவன் சொன்னான்: "அத்தை, இதுக்கு ஃபீஸே கிடையாது. ஆன்லைன்ல வீட்டுக்காரங்கதான் பண்ணணும். ஒரிஜினல் பாஸ்போர்ட்ட யாரும் வாங்கி வைக்க மாட்டாங்க. சீலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகிறவர் தனியாக எங்கேயும் போய் ரெஜிஸ்ட்ரேஷன் செய்யவும் வேண்டாம் என்றான். புரோக்கர் 'ரெஜிஸ்டர்' என்று சொல்லி வாங்கிய பணம் முழுக்கப் பொய்க்குக் கொடுத்த பணம்.

மறுநாள் காலை அவன் வந்தான். இருவரும் புரோக்கரிடம் போய் நின்றோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் பாஸ்போர்ட் வரவில்லை என்றால் ஸ்டேஷனுக்கும் போவோம், சென்னையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கும் போவோம் என்று அவன் சத்தம் போடாமல் சொன்னான். நாற்பது நிமிடத்தில் ஒரு பையன் வந்து பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனான். நகைக்கடை பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தது. பன்னிரண்டு நாளும் அது எந்த ஸ்டேஷனுக்கும் போகவில்லை, யார் வீட்டு அலமாரியிலோ கிடந்திருக்கிறது.

அந்தப் பெண்மணி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுப் பக்கம் ஒன்றில் ஜெராக்ஸ் தாளை வைத்து ஸ்டேப்ளர் அடித்துப் பிடுங்கியிருக்கிறார்கள். சின்னதாக இரண்டு ஓட்டை, ஓரம் கொஞ்சம் கிழிந்து. அதை விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அப்புறம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை, சாஸ்திரி பவன். வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அதிகாரி கண்டிப்பாகத்தான் பேசினார், இரண்டாம் நாளே வந்து கேட்டிருக்கலாமே என்றார். பேச வழியில்லை. பிறகு எப்படிப் பதிவது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரர் முதலில் இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் தன் பெயரிலும் முகவரியிலும் கணக்கு தொடங்க வேண்டும். விருந்தாளியின் பாஸ்போர்ட் விவரம், விசா விவரம், போட்டோ, எங்கிருந்து வந்தார், என்று வந்தார், அடுத்து எங்கே போகிறார், இவ்வளவுதான் கேட்கிறது. தாமதமானாலும் பதிந்துவிட்டோம். 24ஆம் தேதி அவர் கோவாவுக்குப் போனார்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். அப்படி ஒரு தாளையோ பணத்தையோ தங்களுக்குத் தெரியாது என்றார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆள் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. 'ரூல்ஸ் மாறிடுச்சுக்கா' என்று சொல்லி இன்னும் நாலு பேரிடம் பணம் கறப்பார்கள், பாருங்கள். தங்க இடம் கொடுப்பவர் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அப்படியேதான் இருக்கிறது. வெள்ளைக்காரர் வந்தால்தான் இது என்று நினைக்காதீர்கள். கனடா பாஸ்போர்ட் வாங்கிவிட்ட உங்கள் பெரியப்பா மகன் லீவுக்கு வந்து தங்கினாலும் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர்தான். யாராவது ஒரிஜினலைக் கேட்டால், ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் பணம் போட்டு ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள், நாள் கடத்தாதீர்கள். வந்தவருக்கு அவர் மொழியிலேயே உதவி வேண்டும் என்றால் 1363 என்ற சுற்றுலா உதவி எண் இருக்கிறது. அதில் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழியில்கூடப் பேசுகிறார்கள்.

போன வாரம் ஜெர்மன் ஆயா போன் செய்தார். வருகிற ஜனவரியில் திரும்ப வருகிறாராம், காசிமேடு ஏலத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். அந்த இணையதளத்தின் கணக்குப் பெயரையும் பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறேன். எங்கள் தெருப்பக்கம் யார் வீட்டுக்காவது இப்படி விருந்தாளி வந்தால், வந்து கதவைத் தட்டுங்கள். உங்கள் பெயரில் எப்படிக் கணக்கு தொடங்குவது என்று கூட உட்கார்ந்து செய்து தருகிறேன். பாஸ்போர்ட்டை உங்கள் விருந்தாளியே கையில் வைத்துக்கொள்ளட்டும், நான் பார்த்து டைப் அடித்துக்கொள்கிறேன். காசு எதுவும் வேண்டாம்.