குடியிருக்கக் கீழ்வீடா, மேல்மாடியா?

யாழ்ப்பாணத்தில் இப்போது இரண்டு பரப்பு அளவான சின்னக் காணி வைத்திருப்பவர்கூட மேல்மாடி போட்டுத்தான் கட்டுகிறார். ஒன்றில் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடுவதுதான் எண்ணம். எதில் இருப்பது, எதை விடுவது என்பதில்தான் வீட்டுக்குள் இழுபறி.

வெக்கையை முதலில் பார்ப்போம். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஊர் இது. ஆவணியில் இன்னொரு தடவையும் வரும். கூரை வெறும் கொங்கிறீட் என்றால் பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது இரவில்தான் கக்கும். இரவு பத்து மணிக்கும் மேல்மாடிச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றும். அதே நேரம் கீழே வெறும் சிமெந்து நிலத்தில் பாய் போட்டுப் படுக்கலாம். ஆனால் வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடித்துவிட்டால் யோகம் மேல்மாடிக்காரருக்குத்தான். மதிலும் மாமரமும் மறிக்காத காற்று யன்னலால் நேரே வரும். மேலே இருப்பதென்று முடிவெடுத்தால் ஓடு போட்டுச் சீலிங் அடியுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மழைக்கு மேல்மாடி நல்லது. 2008இல் நிஷா புயல் மழையில் தாழ்ந்த இடங்களில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் நின்றது. மேட்டுக் காணியில் அந்தப் பயம் குறைவு, அத்திவாரத்தை நன்றாக உயர்த்தினால் போதும். றோட்டு மட்டத்தைப் பார்த்து உயர்த்துங்கள். திருத்தும்போதெல்லாம் அதுவும் உயர்கிறது. நிலத்துக்குக் கீழே அறை என்ற பேச்சே வேண்டாம். கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், மாரியில் கிணற்றுத் தண்ணீரும் மேலே ஏறிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, ஆனால் இதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டு குடும்பம் என்றால் ஒரே கிணற்றில் இரட்டிப்பு இறைப்பு, மலக்குழிக்கும் இரட்டிப்புச் சுமை. நம் நிலத்தடிக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். கழிவு வடிபடாமலே கிணற்றுக்கு ஓடிவிடும். இரண்டு பரப்புக்குள் கிணற்றையும் குழியையும் தள்ளி வைக்க இடமில்லாவிட்டால் வாடகை யோசனையையே விட்டுவிடுவது நல்லது. அயலவரின் கிணறும் அதே தண்ணீரைத்தான் தருகிறது.

அப்புறம் படிக்கட்டு. வாடகைக்கு விடுவதென்றால் அது வெளியால் ஏற வேண்டும். உள்ளே போட்டால் வாடகைக்கு வருகிறவர் உங்கள் விறாந்தையால்தான் போய்வர வேண்டும். உயரமான படியில் முழங்கால் நோ உள்ள அம்மா ஒரு கையால் கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுவதைப் பார்த்தவர்கள் மேலே குடியிருக்க யோசிப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் ஊரில் என்ற வீடுகள் இங்கே எத்தனை!

ஆகவே என் தெரிவு கீழ்வீடுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் என்றால் மேல்மாடிக்குக் கம்பஸ் பிள்ளைகளே வருவார்கள், அவர்களுக்குப் படி ஒரு பொருட்டில்லை. கீழே ஒரு படுக்கை அறையோடு சேர்த்து வழுக்காத ரைல்ஸ் போட்ட குளியலறை வையுங்கள், அதன் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கட்டும். மேசனிடம் இதை நிலை வைக்க முன்னமே சொல்லிவிட வேண்டும்.