உப்புத் தண்ணி வீட்டுக்கு எத்தனை லிட்டர் ஹீட்டர்?

எங்கள் வீட்டில் நான்கு பேர், குளியலறை ஒன்று. கோவையில் பல வீடுகளைப் போலவே குடிக்கச் சிறுவாணி, குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர். பழைய 15 லிட்டர் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்ததும் கடைக்குப் போனோம். "நாலு பேருக்கு 15 தாராளமுங்க, 25 எதுக்குங்க?" என்றார் கடைக்காரர். நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்கு அவர் சொன்னது சரி. நாங்கள் 25-ஐத்தான் எடுத்தோம். மார்கழிக் குளிரையும் பார்த்தாகிவிட்டது, இப்போதும் நான் 25 கட்சிதான்.

3 லிட்டர் இன்ஸ்டன்டை முதலில் ஒதுக்கிவிடலாம். பாத்திரம் கழுவ, வாஷ்பேசினில் முகம் கழுவ அருமையான சாமான். குளிப்பதற்கு அதன் 3 கிலோவாட் காயில் போதாது. மார்கழிக் காலையில் மொட்டைமாடி டேங்கிலிருந்து 22 டிகிரியில் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். அதை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்கூட முழுசாகக் கிடைக்காது. 20 லிட்டர் பக்கெட் நிறைய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் யாருக்கு அந்தப் பொறுமை?

ஆக, போட்டி 15-க்கும் 25-க்கும்தான். விலை, சுவரில் அடைக்கும் இடம், எடை மூன்றிலும் 15 ஜெயிக்கிறது, அதில் பேச ஒன்றுமில்லை. கரண்டில் மட்டும் பலரும் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. பக்கெட் தண்ணீரைச் சூடாக்க ஆகும் யூனிட் எந்த டேங்க்கிலும் ஒன்றுதான். கூடுதலாக வீணாவது, டேங்க்கில் சும்மா நிற்கும் சூட்டுத் தண்ணீர் ஆறிப்போவதால். அது டேங்க்கின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, உள்ளே எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த டிகிரி விஷயம்தான் என்னை 25 பக்கம் தள்ளியது.

பழையதைக் கழற்ற வந்த மெக்கானிக் தரையில் பேப்பரை விரித்து, அடித்தட்டின் போல்ட்டுகளை எடுத்து, காயிலை இழுத்துப் போட்டார். காயில் என்று சொல்லத்தான் வேண்டும். செம்பே கண்ணில் படவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளைக் காரை. அதோடு ஒரு சொம்பு அளவுக்குச் சுண்ணாம்புச் சில்லுகள் கொட்டின. பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. அதுதான் ஆனோடு ராடாம். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து டேங்க்கைக் காப்பாற்றும் மெக்னீசியம் தண்டு. மெக்னீசியம் முழுக்கக் கரைந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. "நாப் எப்பவும் ஃபுல்லுலயேதான் இருந்துச்சுங்களா?" என்று, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் காட்டிக் கேட்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருக்கும்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு ஏற ஏறக் கரைசலில் நிற்காமல் சுண்ணாம்பாகப் படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது வேகம் பிடிக்கும். இதனால் கரண்ட் பில் பெரிதாக எகிறாது. காயிலின் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். ஆனால் காரைக்குள் மாட்டிக்கொண்ட காயில் தண்ணீரைவிடப் பல மடங்கு கொதித்து ஒருநாள் கருகிப்போகும். மெக்னீசியத் தண்டும் சூட்டில் சீக்கிரம் கரையும். அதை மாற்றாமல் விட்டால் டேங்க் ஓட்டை. காயிலை மாற்றலாம், டேங்க் போனால் எடைக்குத்தான் போட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றி, 22 டிகிரித் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் ஏறக்குறைய 32 லிட்டர் கிடைக்கும். ஒன்றரை பக்கெட். அடுத்தவர் உடனே போனால் தண்ணீர் ஆறியிருக்கும், நாபைத் திருகுவார். அது 70, 75 என்று போய் அங்கேயே நிற்கும். 25 லிட்டரை 50 டிகிரியில் வைத்தாலே 39 லிட்டர் வருகிறது. 2 கிலோவாட் காயிலில் அது சூடாக 25 நிமிடம், 15 லிட்டர் 60-ஐ எட்ட 20 நிமிடம். பெரிய தாமதமில்லை. டேங்க் பெரிதானாலும் சூடு குறைவு என்பதால் ஆறி வீணாவதும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. (இதெல்லாம் காகிதக் கணக்கு. கீழிருந்து பச்சைத் தண்ணீர் ஏறிக் கலப்பதால் நிஜத்தில் இரண்டிலுமே கொஞ்சம் குறையும்.) வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் இன்னொரு லாபம்: 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், 50-இல் கையை எடுக்க அவகாசம் உண்டு.

50-லேயே விட்டுவிடவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்புண்டு. அதனால் வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றிவிடுகிறோம்.

தீபாவளி அதிகாலையில் நான்கு தலைக்கும் எண்ணெய், சீயக்காய் என்றால் 25-ம் திணறும். அன்றைக்கு அடுப்பில் ஓர் அண்டா ஏற்றத்தான் வேண்டும்.

எல்லோருக்கும் 25 என்று சொல்ல மாட்டேன். ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டுக்கும் மென்மையான ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கும் 15 போதும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை. 200-க்குள் இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சோலார் ஹீட்டரை உறவினர் வீட்டில் பயன்படுத்தியதோடு சரி, பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை. கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

25 வாங்குவதென்றால் கடையில் நாப் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் தெர்மோஸ்டாட்டை உள்ளேயே ஏதோ ஒரு டிகிரியில் வைத்து மூடியிருப்பார்கள், அதை வாங்கினால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. தண்ணீர் நிறைந்தால் 30 கிலோவைத் தாண்டும், சுவர் தாங்க வேண்டும். மாட்டும்போது அடியில் ஒரு முழம் இடம் விடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைத்தால், காயிலை இழுத்துச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் மெக்கானிக் மொத்த ஹீட்டரையும் இறக்க வேண்டியிருக்கும். கூலியும் அதற்கேற்றபடிதான் கேட்பார்.