டிரெயில் கேமரா: இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு

சிங்கப்பூரில் காட்டுப்பன்றியை நம் இஷ்டத்துக்கு வேட்டையாட முடியாது. அனுமதியில்லாமல் பொறி வைப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்; தீனி போட்டாலே முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் வேட்டைக்காரர்களுக்கென்று விற்கிற ஒரு சாமான் மட்டும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத் தோட்டங்களுக்கு நன்றாகவே உதவும்: மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு நகரும்போது தானாகவே படமெடுக்கும் டிரெயில் கேமரா. பன்றி எந்த மூலையில், எத்தனை மணிக்கு நுழைகிறது என்று தெரியாமல் வேலியைச் சரிசெய்வது வீண்செலவு. சொந்த இடத்துக்குள் மட்டும் கட்டுங்கள். காப்புக்காட்டில் வைக்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மெகாபிக்சலை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது மென்பொருள் ஊதிப் பெருக்கிய எண். மூடியின் ரப்பர் வளையம் எவ்வளவு தடிமன், பூட்டினால் இறுகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரில் கேமரா சாவது ஈரத்தால்தான்.

இந்தக் கேமராவின் சென்சர் சூட்டு வேறுபாடு நகர்வதைத்தான் பிடிக்கும். குளிர்நாட்டுக் காட்டில் பன்றியின் உடல் பளிச்சென்று தெரியும். இங்கே பிற்பகல் 33 பாகை வெயிலில், சேற்றில் புரண்டுவந்த பன்றிக்கும் பின்னாலிருக்கும் மண்ணுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசமில்லை. அதனால் பகலில் சில பன்றிகள் படத்தில் விழாமலே போகும். சென்சரின் உணர்திறனைக் கூட்டிவைத்தால் வெயிலில் காய்ந்த லாலாங் புல் காற்றில் ஆடுவதையெல்லாம் எடுத்துத் தள்ளும். கேமராவுக்கு முன்னால் இரண்டு மீட்டர் புல்லை வெட்டிவிட்டு, அதற்கப்புறம் கூட்டுங்கள்.

உயரம் 50 முதல் 60 சென்டிமீட்டர். நெஞ்சு உயரத்தில் கட்டினால் பன்றியின் முதுகுதான் விழும், குட்டிகள் தப்பிவிடும். தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, 45 பாகை சாய்வாகத் திருப்புங்கள். நேர்க்குறுக்கே வைத்தால் கேமரா விழித்துக்கொள்வதற்குள் வால்தான் மிஞ்சும். அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பி, அதில் தடித்த மயிர் ஒட்டியிருக்கிறதா? அது பன்றி உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் மரம். அதில் கட்டினால் மறுநாள் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்மரத்தில் கட்டுங்கள், அருமையான படம் கிடைக்கும்.

இரவு விளக்கில் இரண்டு வகை. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு அதிக தூரம் எட்டும், ஆனால் மங்கலான சிவப்பு ஒளி தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. நாலைந்து மீட்டரில் வேலை முடிகிற தோட்டத்துக்கு 940 போதும். திருடர் கண்ணிலும் படாது.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். பகலில் படம் எடுக்கும், இரவு விளக்கு எரியும்போது மட்டும் அணைந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுகிறவர்கள் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். லித்தியம் டபுள் ஏ கடைசிவரை ஏறக்குறைய ஒரே அழுத்தம் தரும். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், கசியும்.

ஈரத்துக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு உள்ளே போட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது. ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாசலின் வேண்டாம், சில ரப்பர் ஊதிவிடும். மழையைவிடத் தொல்லை எறும்பு. பேட்டரி அறைக்குள் முட்டையோடு குடியேறும். மூடும்போது வளையத்தில் நசுங்கிய ஒரு எறும்பு போதும், அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். மூடுமுன் நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். விளக்குக்கு முன்னால் சிலந்தி வலை பின்னியிருந்தால் அதுவே ஒளிபட்டு இரவுப் படமெல்லாம் வெள்ளையடித்துவிடும்.

படம் பதிவாகும் மெமரி கார்டை எடுக்கப் போகும்போது காலுக்குக் கம்போங் அடிடாஸ் போதும்: அச்சில் வார்த்த ரப்பர்க் காலணி, சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். கழுவுவதை விடவேண்டாம்; 2023இல் இங்குள்ள காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. செத்த பன்றி கிடந்தால் தொடாமல் கழகத்துக்குச் சொல்லுங்கள். குட்டியோடு தாய் நின்றால் அன்றைக்குக் கார்டை மறந்துவிட்டு, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

பேட்டரி மாற்றியதும் தேதியையும் மணியையும் பாருங்கள். சில மாடல்கள் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். அப்புறம் பன்றி வந்தது விடியற்காலையா நள்ளிரவா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.