வேலூரில் கேன்வாஸ் பிரிண்ட்: முதலாம் எலிசபெத்தும் ஒரு ஃபிரேம் கடையும்

சத்துவாச்சாரியில் எனக்குச் சின்னதாக ஓர் ஆரி வேலைக் கடை இருக்கிறது. கல்யாண ஜாக்கெட்தான் வருமானம். எல்லாக் கடைகளிலும் தொங்குகிற மாடல் பெண் போஸ்டர்களைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்தை 1558 முதல் 1603 வரை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணியின் ஓவியங்களைக் கேன்வாஸில் அச்சடித்து மாட்டினேன். ராணி மேல் பக்தி எல்லாம் இல்லை. உடுப்புக்காகத்தான். அந்த ஓவியர்கள் முகத்தைவிடத் துணிக்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறார்கள். எந்த முத்து தைத்தது, எது கோத்துத் தொங்கவிட்டது என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அச்சடித்த கடை லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கே அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். முன்பக்கம் கம்ப்யூட்டரில் ஒரு தம்பி, பின்பக்கம் பீடிங் அறுத்து ஃபிரேம் அடிக்கிற பாய். சுவர் முழுக்க முருகன், மெக்கா மதீனா, காலமான தாத்தா பாட்டிகள். இதற்கு நடுவே என் பென்டிரைவைத் திறந்ததும் தம்பி கேட்டது: "அக்கா, இது விக்டோரியா ராணிங்களா?"

இல்லப்பா, அதற்கு முன்னூறு வருஷம் முந்தியவர், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31 அன்று சாசனம் கொடுத்தவர் என்றேன். பின்னாலிருந்து பாய், "அப்ப நம்ம கோட்டைக்கு வந்து உக்காந்தவனுங்களுக்கு லைசென்ஸ் குடுத்ததே இந்த அம்மாதானா?" என்றார். 1806 ஜூலை 10இல் இதே கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி தெரிந்த ஊர்க்காரரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும். ஆனாலும் ஃபிரேமில் ஒரு குறை வைக்கவில்லை, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஆர்மடா ஓவியம். 1588இல் ஆர்மடா என்ற ஸ்பெயினின் கப்பற்படை தோற்றதைக் கொண்டாட வரைந்தது. ராணியின் வலது கை உலக உருண்டை மேல் இருக்கிறது. பின்னால் ஒரு பக்கம் ஆங்கிலேயக் கப்பல்கள் அமைதியான கடலில் நிற்கின்றன, மறுபக்கம் ஸ்பானியக் கப்பல்கள் புயலில் பாறைமேல் மோதுகின்றன. இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தில் வோபர்ன் அபே என்ற மாளிகையில் இருக்கிறது. லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில் இருப்பதை இரண்டு ஓரமும் வெட்டிவிட்டார்கள். கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருப்பதை 2016இல் மக்களிடம் நன்கொடையும் திரட்டி 1 கோடியே 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். நான் எடுத்துப்போனது வோபர்ன் படம். பிரிண்ட் பிரமாதம். கழுத்திலிருந்து தொங்கும் முத்துச் சரங்களில் ஒவ்வொரு மணியின் பளபளப்பும் தனித்தனியாக வந்திருக்கிறது. கையிலும் பாவாடையிலும் தங்க இழையில் சூரியன்கள், அவற்றின் கதிர்களைக்கூட எண்ணலாம். ஒரே குறை கறுப்பு. அந்தக் கறுப்பு வெல்வெட் கேன்வாஸில் சாம்பல் பூத்த மாதிரிதான் வருகிறது. மேல்பூச்சு வார்னிஷ் போட்டால் சரியாகும் என்றார்கள். போட்டதும் பாதி சரியானது.

அடுத்து டிட்ச்லி ஓவியம். இங்கேதான் தகராறு. 1592 வாக்கில் இளைய மார்க்கஸ் கீரார்ட்ஸ் வரைந்தது, அசல் கிட்டத்தட்ட எட்டடி உயரம், ஐந்தடி அகலம். ராணி வெள்ளை உடையில் இங்கிலாந்து நிலப்படத்தின் மேலேயே நிற்கிறார், பாதம் ஆக்ஸ்போர்டுஷயரில். இந்த அளவுக்கு அகலம் 24 அங்குலம் என்றால் உயரம் 38 வர வேண்டும். கடையின் ஸ்டாண்டர்டு சைஸ் 36. தம்பி என்னைக் கேட்காமலே கீழே வெட்டிவிட்டார். அதுபோக மரச்சட்டத்தில் மடித்து அடிப்பதற்கு இன்னும் கொஞ்சம் போயிற்று. காலுக்குக் கீழே நிலப்படமே இல்லாமல், ராணி ஏதோ கம்பளத்தில் நிற்பது போல வந்து நின்றார். அசல் ஓவியத்தையே யாரோ எப்போதோ வலது ஓரத்தில் நறுக்கிவிட்டதால், அங்கே எழுதியிருக்கும் கவிதையின் வரிகள் முடியாமல் நிற்கின்றன. அவர்கள் வெட்டியது போதாதென்று நாமும் வெட்ட வேண்டுமா?

அதைவிடப் பெரிய வேலை முகத்தில் நடந்திருந்தது. வரைந்தபோது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. கன்னம் ஒட்டியிருப்பதையும் கண்ணடியில் தளர்வையும் ஓவியர் மறைக்கவில்லை. நான் அந்த ஓவியத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகவும்தான். அச்சில் வந்ததோ பாஸ்போர்ட் போட்டோ முகம். "ஆட்டோல போட்டா தானா ஸ்மூத் ஆயிடும்க்கா, எல்லாரும் அதத்தான் கேப்பாங்க" என்றார் தம்பி.

எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. தம்பி செய்ததைத்தான் அந்த ராணியின் அரசாங்கமும் செய்தது. 1563இலேயே ராணியின் படங்களைக் கண்டபடி வரையக் கூடாது, ஒப்புதல் பெற்ற ஒரு மாதிரியைப் பார்த்தே வரைய வேண்டும் என்று ஓர் ஆணையின் வரைவு தயாரானது. 1596இல் ராணியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில், ராணிக்குப் பிடிக்காத அலங்கோலமான படங்களைத் தேடிப்பிடித்துச் சிதைக்கச் சொன்னது. கடைசி வருஷங்களின் ஓவியங்களில் வயதே ஏறாத ஒரு முகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த டிட்ச்லி ஓவியத்தைப் பார்த்து வரைந்த சில பிரதிகளில்கூட முகத்தை மென்மையாக்கியிருக்கிறார்கள். சிற்றோவியம் வரைந்த நிக்கலஸ் ஹில்லியர்ட், முகத்தில் நிழல் விழக் கூடாதென்று ராணி தோட்டத்தில் திறந்தவெளியில் போய் உட்கார்ந்ததை எழுதியே வைத்திருக்கிறார். என்ன இருந்தாலும் அது ராணி கேட்டது. இது நான் கேட்காதது. மறுபடி அடித்துத் தரச் சொன்னேன். காசு கேட்காமல் அடித்துக் கொடுத்தார்கள், 38 அங்குலத்தில், கன்னம் ஒட்டியபடியே. இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாவது டார்ன்லி ஓவியம், 1575 வாக்கில் வரைந்தது. இதிலிருக்கும் முகம்தான் பல வருஷங்களுக்கு அச்சு மாதிரி. ராணி எல்லா ஓவியருக்கும் உட்கார மாட்டாரே, அதனால் இந்த முகத்தையே எடுத்து வேறு வேறு உடையில் ஒட்டினார்கள். நாங்கள் டிரேசிங் பேப்பரில் ஊசிக் குத்து போட்டு, பவுடர் தேய்த்து, ஒரே மயிலைப் பத்து ஜாக்கெட்டில் இறக்குவோமே, அதே வித்தை. இந்தத் தடவை தம்பி உஷாராக முதலிலேயே கேட்டார்: "ரொம்ப வெளுத்திருக்குக்கா, லைட்டா சிவப்பு ஏத்தவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பொறுத்தவரை அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முகத்தில் பூசிய சிவப்புச் சாயம் காலப்போக்கில் மங்கிவிட்டது, அதனால்தான் இன்று சுண்ணாம்பு மாதிரித் தெரிகிறார் என்று, இந்தப் படத்தை வைத்திருக்கும் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியின் ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று பழுப்பாகத் தெரிகிற உடையின் வேலைப்பாடும் அன்று கருஞ்சிவப்பு. சாயம் போகும் சிவப்புப் பட்டு நூலோடு வருஷம் முழுக்க மல்லுக்கட்டுகிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பிரதி போடச் சொன்னேன், ஒன்று இருப்பது போலவே, ஒன்று தம்பியின் கைவண்ணத்தில். சிவப்பு ஏற்றியது என் கடையில் தொங்குகிறது. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி ஃபிரேம். பாய் கைவேலையில் மூலை இணைப்பு துளி இடைவெளி இல்லை. பின்னால் பிளைவுட் அடித்து, வேலூர் வெயிலுக்கு கேன்வாஸ் தொய்ந்தால் இறுக்க மூலையில் மர ஆப்பும் வைத்துத் தருகிறார். தங்க நிற பீடிங்கில் கொடி போட்டதைக் காட்டினார், சாமி படத்துக்கு நன்றாக இருக்கும், எனக்கு வேண்டாம் என்று கறுப்பு மேட் எடுத்தேன். கண்ணாடி போடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் அடித்து முத்தெல்லாம் மறைந்துவிடும் என்று அவரே சொன்னார். விற்க வேண்டிய பொருளை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர் அபூர்வம்.

கேன்வாஸ் சதுர அடி 160 ரூபாய் வாங்கினார்கள். ஃபிரேம் தனி, பீடிங்கின் அகலத்தைப் பொறுத்து ஏறும். பணம் முழுவதும் முன்கூட்டியே கேட்கிறார்கள், அது பிடிக்கவில்லை. சொன்ன தேதிக்கு எதுவும் வரவில்லை, இரண்டு தடவை போன் போட்டால்தான் வேலை நகர்கிறது.

அடுத்து ரெயின்போ ஓவியம் கொடுக்கப்போகிறேன். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு ஹவுஸ் என்ற மாளிகையில் இருப்பது, மேலங்கி முழுக்கக் கண்ணும் காதுமாக வரைந்தது. அதிலிருக்கும் மேலாடைப் பூவேலைக்கு மிக நெருக்கமான ஒரு நிஜத் துணி, பேக்டன் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் பலிபீட விரிப்பாகக் கிடந்தது. வெள்ளி இழைத் துணியில் பூ வேலை. ராணியின் உடையிலிருந்து வந்ததாகக் கருதி 2019இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பூ ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்பதால் நாலடி உயரத்துக்குக் கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு மிஷின் தாங்கும் என்கிறார் தம்பி.

போகிறவர்கள் வெள்ளி மதியம் தவிர்த்துவிடுங்கள், பாய் தொழுகைக்குப் போய்விடுவார். படத்தைப் பெரிய ஃபைலாக பென்டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் முத்தெல்லாம் கஞ்சியாகிவிடும். அளவை அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள். முகத்தைத் தொடக் கூடாது என்றால் அதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.